படிவத்தின் மேல்பாதி: உளவியல் மாணவர்களுக்குச் சமூக அறிவியல்



1956ஆம் ஆண்டு நெய்வேலிக்கும் நமக்கும் ஒருசேர முக்கியமான ஆண்டு. அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 14 அன்று, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதிலிருந்து 22ஆம் நாள், டிசம்பர் 6, அண்ணல் மறைந்தார். எங்கள் வீடுகளில் இந்த மூன்று செய்திகளும் ஒரே மூச்சில் பேசப்படும். பண்ணையில் கூலிக்கு நின்ற எங்கள் தாத்தாக்களில் சிலர் இங்கே மண் வெட்டப் போய் மாதச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். வேறு சிலர் குடியிருந்த சேரியோடு சுரங்கத்துக்கு வழிவிட்டு வெளியே போனார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் உள்ளே போனதும் தம்பி வெளியே போனதும் உண்டு.

இந்த ஆண்டு நினைவுநாள் உரையை உளவியல் படிக்கும் மாணவர்களை முன்வைத்து அமைத்திருக்கிறோம். காரணம் எளியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நம் பிள்ளைகள் இன்ஜினியரிங், பி.எட்., நர்சிங் என்று போனார்கள். இப்போது சிதம்பரத்திலும் புதுச்சேரியிலும் சென்னையிலும் உளவியல் படிக்கிறார்கள், குறிப்பாகப் பெண்கள். அவர்கள் பாடத்திட்டத்தில் சமூகவியலோ மானிடவியலோ ஒரு தாளாக வருகிறது. அதைத் தேர்ச்சி பெற்றால் போதும் என்று படித்துவிட்டு நகர்கிறார்கள். "சைக்காலஜிக்கு எதுக்குத் தோழர் சோஷியாலஜி?" என்று ஒரு மாணவி எங்களிடம் நேராகவே கேட்டார். கேட்டது நல்லது. அவருக்கு அன்று நாங்கள் சொன்ன பதில் சரியாக அமையவில்லை. பதிலை அவரே சில மாதங்கள் கழித்துக் கொண்டுவந்தார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வருகிறவர் அவர். பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே பார்த்த ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்பை எடுத்து வந்தார். (சிறுவன் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) எட்டாம் வகுப்பு, 13 வயது. வகுப்பில் பேசுவதில்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். தேர்வில் விடைத்தாளைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஏழாம் வகுப்புவரை நன்றாகப் படித்தவன். மாணவியின் முடிவு: தன்னம்பிக்கைக் குறைவு, சமூகப் பதற்றம் இருக்கலாம். பரிந்துரை: மூச்சுப் பயிற்சி, தன்மதிப்பை வளர்க்க ஆறு அமர்வுகள்.

குறிப்பில் பிழை ஒன்றும் இல்லை. பாடப்புத்தகப்படி நன்றாகவே எழுதியிருந்தார். எங்கள் கண் போனது அந்த கேஸ் ஹிஸ்டரி படிவத்தின் மேல்பாதிக்கு. பெயர், வயது, பாலினம், தந்தை தொழில், மாத வருமானம், மதம், சமூகம், சொந்த ஊர், முகவரி. இதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டோம். "ரெண்டு நிமிஷம்" என்றார். கீழ்ப்பாதிக்கு? மூன்று நாள். அன்று மாலை நாங்கள் மேல்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இரவு எட்டரை வரை முடியவில்லை. சமூக அறிவியல் என்று நீங்கள் படிக்கும் அத்தனை துறைகளும் அந்த ஒன்பது கட்டங்களுக்குள் இருக்கின்றன. இன்றைய உரை அந்த மாலையின் விரிவுதான்.

'தந்தை தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று இருந்தது. நெய்வேலியில் 'கூலி' என்று எழுதினால் அது எதையும் சொல்லாது. நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தத் தொழிலாளியா? ஒப்பந்தம் என்றால் சுரங்கத்திலா, அனல்மின் நிலையத்திலா, குடியிருப்பில் குப்பை அள்ளும் வேலையா? ஒரே கொதிகலனுக்கு அடியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ், நிறுவன மருத்துவமனை, ஓய்வுக்காலப் பணம். இன்னொருவருக்கு அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கேள்வி. வெப்பம் இருவருக்கும் ஒன்றுதான். இதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தருவது பொருளியல். வருமானம் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு உறுதியானது என்பது ஒரு வீட்டின் இரவுப் பேச்சை, அப்பாவின் குரலை, பிள்ளையின் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது. உளவியலில் 'குடும்பச் சூழல்: பதற்றமானது' என்று எழுதுகிறீர்களே, அந்தப் பதற்றத்துக்குத் தேதியும் உண்டு. ஒப்பந்தம் முடியும் தேதி.

'சொந்த ஊர்' என்ற கட்டத்தில் அவன் தாத்தாவின் ஊரை எழுதியிருந்தான். அந்த ஊர் இன்று இல்லை. சுரங்கம் இருக்கிறது. சிறுவன் அந்த ஊரைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் சொந்த ஊர் எது என்று கேட்டால் அந்தப் பெயர்தான் அவன் வாயில் வருகிறது. இது வரலாற்றின் கட்டம்.

நிலம் எடுக்கப்படும்போது நிலம் வைத்திருந்தவருக்கு இழப்பீடு கிடைக்கும், குறைவோ கூடுதலோ. அந்த நிலத்தில் நடவு நட்டு, களை பறித்து, அறுத்து வயிறு வளர்த்தவருக்கு என்ன? 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அவரைக் கண்ணால் பார்க்கவே இல்லை. அவரிடம் பட்டா இல்லை. ஆகவே அவர் எதையும் இழக்கவில்லை என்பது சட்டத்தின் கணக்கு. 2013ஆம் ஆண்டின் புதிய சட்டம்தான் அந்த நிலத்தை நம்பி வேலை செய்த விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று வரையறைக்குள் கொண்டுவந்தது. நடுவில் 119 ஆண்டுகள். நெய்வேலியின் பெரிய சுரங்கங்கள் வெட்டப்பட்டது அந்த இடைவெளியில்தான். நிலமற்ற கூலிகள் யார், பெரும்பாலும் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று இந்த அரங்கில் சொல்ல வேண்டியதில்லை.

இடப்பெயர்வை ஆராய்ந்த சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, ஊரைவிட்டு அகற்றப்படும் மக்களுக்கு நேரும் இழப்புகளை எட்டாக வகுத்தார். நிலம், வேலை, வீடு போவது, விளிம்புக்குத் தள்ளப்படுவது, உணவு நிச்சயமில்லாமல் போவது, நோய் கூடுவது, மேய்ச்சல் புறம்போக்கு, குளம் போன்ற பொதுச்சொத்து போவது, எட்டாவதாக, சமூகப் பிணைப்பு அறுந்து போவது. இந்த எட்டாவதில்தான் உளவியல் மாணவர்கள் நின்று யோசிக்க வேண்டும். பிரசவத்துக்கு ஓடிவருகிறவர், இரவில் கடன் தருகிறவர், சாவு விழுந்தால் முதலில் வந்து நிற்கிறவர் எல்லாரும் வேறு வேறு திசைக்குப் போய்விட்டார்கள். புதிய இடத்தில் வீடு இருக்கிறது, அக்கம்பக்கம் இல்லை. இதற்கு இழப்பீட்டுப் பட்டியலில் கட்டம் கிடையாது. உங்கள் படிவத்திலும் கிடையாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். பயிரை இழந்தவரின் முகத்தைக் கேமரா காட்டியது. அந்த வயலில் அறுப்புக்குக் காத்திருந்த பெண்களின் முகம் காட்டப்பட்டதா என்று யோசித்துப் பாருங்கள்.

'முகவரி' சின்னக் கட்டம். அதில் 'காலனி' என்று ஒரு சொல். டவுன்ஷிப்பும் அளந்து கட்டிய குடியிருப்புதான்; அதை வட்டம் என்கிறோம், பிளாக் என்கிறோம். காலனி என்று ஒருவர் ஒரு மாதிரிக் குரலில் சொல்லும்போது அவர் எந்த இடத்தைச் சொல்கிறார் என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் புரிகிறது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். சொல் போனபின் அந்தக் குரல் எந்தச் சொல்லில் போய் ஏறிக்கொள்கிறது என்று கவனிப்பது மொழியியல் மாணவர்களின் வேலை.

இனி 'சமூகம்' என்ற கட்டம். இதில்தான் அன்று மாலை அதிக நேரம் நின்றோம்.

1916ஆம் ஆண்டில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் துறை தொடங்கியது. உங்கள் பாடநூல்களில் இது இருக்கும். அதே ஆண்டு மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். இது உங்கள் பாடநூலில் இருக்காது. இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அண்ணல் மீதுள்ள பற்றால் மட்டும் சொல்லவில்லை. அந்தக் கட்டுரை உளவியலுக்கு நேரடியாகப் பேசுகிறது.

சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்பது அதன் முதல் வாதம். தீட்டு, உணவு விலக்கு, தொழில் எல்லாம் பிறகு. ஒரு குழு தன் பெண்ணையும் ஆணையும் தனக்குள்ளேயே மணமுடிக்க வேண்டுமானால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருந்துகொண்டே இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் மிகுதி, மனைவி இறந்தால் ஓர் ஆண் மிகுதி. அந்த மிகுதிப் பெண்ணை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தச் சமூகம் கண்ட விடைகள்தான் உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும். மிகுதி ஆணுக்குக் கண்ட விடை சிறுமியை மணமுடித்துவைப்பது. இவற்றைப் புனிதம் என்று பேசியவர்கள் மத்தியில் ஒரு மாணவர் வந்து, இது ஒரு கணக்கு, கணக்கைச் சரிசெய்யக் கண்டுபிடித்த வழி என்று சொன்னார். சமூக அறிவியல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நாங்கள் காட்டும் முதல் உதாரணம் இதுதான். புனிதம் என்று சொல்லப்படுவதைக் கையில் எடுத்து, இது எந்த வேலையைச் செய்கிறது என்று கேட்பது.

இரண்டாவது வாதம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு குழு தன்னை மூடிக்கொண்டது சரி. மற்றவை ஏன் மூடிக்கொண்டன? இங்கே அவர் பிரெஞ்சு அறிஞர் கேப்ரியல் தார்தின் போலச்செய்தல் கோட்பாட்டை எடுக்கிறார். மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் பார்த்துச் செய்வார், நெருக்கமாக இருப்பவர் அதிகம் பார்த்துச் செய்வார் என்பது அது. சமூக உளவியல் என்று இன்று உங்களுக்கு நடத்தப்படும் தாளின் முன்னோடிகளில் ஒருவர் தார்த். ஆனால் அம்பேத்கர் அதோடு நிறுத்தவில்லை. சிலர் கதவைத் தாமே சாத்திக்கொண்டார்கள். வேறு சிலர் வந்து பார்த்தபோது கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டிருந்தது என்கிறார். முதலாவது உளவியல் விளக்கம், இரண்டாவது இயந்திரகதியான விளக்கம், இரண்டும் சேர்ந்தால்தான் சாதி புரியும் என்று அவரே பெயர் சொல்லிப் பிரிக்கிறார். ஒருவர் ஒதுங்கி நிற்கிறார் என்றால் இரண்டு கேள்விகள் எழ வேண்டும். அவர் ஒதுங்கினாரா? ஒதுக்கப்பட்டாரா? முதல் கேள்வியை மட்டும் கேட்கப் பழகியவர் 'சமூக விலகல்' என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1936இல் வந்த 'சாதி ஒழிப்பு' நூலில் சாதி செங்கல் சுவரோ முள்வேலியோ போன்ற பருப்பொருள் இல்லை, அது ஒரு மனநிலை என்று சொல்கிறார். இதைச் சில உளவியல் நண்பர்கள் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறார்கள்: "பார்த்தீர்களா, எல்லாம் மனசில்தான் இருக்கிறது." அதற்கு அடுத்து அவர் எங்கே போகிறார் என்று படிக்க வேண்டும். அந்த மனநிலையை உண்டாக்குவது சாத்திரங்களின் மீதுள்ள நம்பிக்கை, அந்த அதிகாரத்தை உடைக்காமல் ஆளாளுக்கு நல்லெண்ணம் ஊட்டிப் பயனில்லை என்று போகிறார். மனநிலைக்கும் ஒரு தொழிற்சாலை உண்டு என்கிறார். நம் ஊரிலோ செங்கல் சுவரும் உண்டு. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் தலித் குடியிருப்பை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்றுதான் நிர்வாகம் இடித்தது. சுவரில் திறந்த வழியைப் பயன்படுத்தத் தொடங்கிய முதல் நாளில் ஒருவருக்கு ஏற்படும் நெஞ்சுப் படபடப்பு நோயா, நினைவா? இது தேர்வில் வரும் கேள்வி இல்லை. வர வேண்டும்.

இப்போது அந்தச் சிறுவனிடம் திரும்பலாம். ஆனால் அதற்கு முன் ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும்.

2003இல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேச கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப்பேர் மேல்சாதி, பாதிப்பேர் ஒடுக்கப்பட்ட சாதி. எல்லாருக்கும் காகிதத்தில் அச்சிட்ட வழிகாண் புதிர்கள். நுழைவாயிலிலிருந்து வெளியேறும் வழியைப் பென்சிலால் கோடு போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை புதிர் போட்டாலும் அத்தனைக்கும் காசு உண்டு. முதலில் சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் போடச் சொன்னார்கள். இரு பிரிவுச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் போட்டார்கள். வேறு குழுக்களில், புதிர் தருவதற்கு முன் ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் மற்றவர்கள் முன்னால் உரக்க வாசித்தார்கள். அவ்வளவுதான் மாற்றம். திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது.

அதே மூளை, அதே பென்சில். வாசித்தது மட்டும் கூடுதல்.

இதைப் படித்துவிட்டு அந்த மாணவி மறுவாரம் பள்ளிக்குப் போனார். சிறுவனிடம் கேள்வியை மாற்றிக் கேட்டார். "உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டவர், "ஜூன் மாசம் வகுப்பில் என்ன நடந்தது?" என்று கேட்டார். முதலில் பதில் இல்லை. மூன்றாவது சந்திப்பில் வந்தது. கல்வி உதவித்தொகைப் படிவம் வந்த நாளில் ஆசிரியர் எல்லார் முன்னாலும், "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். இவன் எழுந்தான். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். மறுநாள் முதல் அவன் டிபன் பாக்ஸோடு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான்.

அந்த ஆசிரியர் கெட்ட எண்ணத்தோடு செய்தாரா என்றால், அப்படி நாங்கள் நினைக்கவில்லை. பட்டியல் சரிபார்க்க அவருக்கு அது சுலபமான வழி. இந்த அரங்கில் இருக்கும் எத்தனை பேர் அப்படி எழுந்து நின்றவர்கள்? நாங்களும் நின்றிருக்கிறோம். உரிமையாகக் கிடைத்த உதவித்தொகை, அதைக் கொடுத்த விதத்தில் தண்டனையாக மாறுகிறது. இடஒதுக்கீடும் உதவித்தொகையும் எப்படி வந்தன, யார் போராடினார்கள் என்பது அரசியல் அறிவியல். அந்த உரிமை வகுப்பறை வாசலைத் தாண்டும்போது எப்படி உருமாறுகிறது என்பதைப் பார்க்க அரசியல் அறிவியலும் உளவியலும் சேர்ந்து வர வேண்டும்.

சரி, ஒரு சிறுவனின் கதை போதுமா? போதாது. தனிக்கதையிலிருந்து பொதுவுக்கு எப்படிப் போவது என்பதில்தான் சமூக அறிவியலின் முறையியல் இருக்கிறது. 1897இல் எமில் துர்கைம் தற்கொலை பற்றி எழுதிய நூல் இதில் அடிப்படை. தற்கொலையைவிடத் தனிப்பட்ட செயல் வேறு உண்டா? ஆனால் ஒரு நாட்டின் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. மதத்துக்கு மதம், மணமானவர் ஆகாதவர் என்று முறையாக வேறுபடுகிறது. இறந்தவர்கள் வேறு வேறு ஆட்கள், விகிதம் மட்டும் நிலைத்து நிற்கிறது. அப்படியானால் அந்த விகிதத்தைத் தாங்கி நிற்பது தனிமனதுக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று.

இதை நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி அந்த ஆண்டு தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். காரணங்கள் என்ற அட்டவணையைத் திறந்தால் முதலிடம் 'குடும்பப் பிரச்சினைகள்', 33.2 சதவீதம். அடுத்து 'நோய்', 18.6 சதவீதம். வறுமை என்ற வரிசைக்கு மிகச் சிறிய பங்குதான். நாடே குடும்பச் சண்டையால் செத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். அதே அறிக்கையில் தொழில்வாரி அட்டவணைக்குப் போங்கள். 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர். ஒரே புத்தகம், ஒரே இறந்தவர்கள். ஓர் அட்டவணை வீட்டுக்குள் காட்டுகிறது, இன்னொன்று வேலைக்களத்தைக் காட்டுகிறது. காரணத்தை எழுதுபவர் காவல் நிலையத்தில் இருப்பவர்; கூலி கிடைக்காத வாரத்தில் நடந்த சண்டையை அவர் 'குடும்பப் பிரச்சினை' என்று எழுதுவார். சாதிவாரி அட்டவணை அதில் வெளியாவதே இல்லை. எண்கள் பொய் சொல்வதில்லை என்பார்கள். எண்களுக்குக் கட்டம் போடுகிறவர் யார் என்று கேட்டுப் பழக வேண்டும்.

அந்தக் கேள்வியை உளவியலிடமும் கேட்கலாம். 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், தோட்டத்திலிருந்து தப்பியோடும் கறுப்பின அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருக்கிறது என்று எழுதி, அதற்கு ட்ராப்டோமேனியா என்று பெயரும் வைத்தார். ஓடுவது நோய், அடிமைத்தனம் இயல்பு. பாரிஸில் 1905இல் ஆல்ஃபிரெட் பினே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய ஒரு சோதனையை உருவாக்கினார். அது கடல் தாண்டி அமெரிக்கா போனதும் இனங்களை வரிசைப்படுத்தும் அளவுகோலாக மாற்றப்பட்டது. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. மேமி கிளார்க், கென்னத் கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர் நிறத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருந்த பொம்மைகளைக் குழந்தைகள் முன் வைத்து, நல்ல பொம்மை எது என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த ஆய்வும் அடிக்குறிப்பில் மேற்கோளாக இருந்தது. கிளார்க் தம்பதியர் அந்தக் குழந்தைகளுக்குத் தன்மதிப்புப் பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்த அடிக்குறிப்பு இருந்திருக்காது.

சமூகவியலும் சுத்தமான கைகளோடு வரவில்லை. ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தை ஆராய்ந்தார். 1965இல் நூலாக வந்தது. இன்றும் பாடமாக இருக்கிறது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் சுலபமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். மறைக்காமல் எழுதியதை மதிக்கிறோம். ஆனால் நூலின் வெளிச்சம் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்பதை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. ஜோன் மென்ச்சர் என்ற ஆய்வாளர் 1974இல், சாதி அமைப்பைக் கீழிருந்து பார்த்தால் அது இணக்கமான ஏற்பாடாகவே தெரியாது, சுரண்டலாகத்தான் தெரியும் என்று எழுதினார். நீங்கள் நேர்காணலுக்கு உட்காரும் நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதும் தரவுதான். பள்ளித் தலைமையாசிரியர் அறையில் அந்தச் சிறுவன் இரண்டு முறை ஒன்றும் பேசவில்லை; மூன்றாம் முறை மைதானத்து வேப்பமரத்தடியில்தான் பேசினான்.

இனி எங்கள் பக்கத்துத் தவறு ஒன்று. சொல்லாமல் போனால் இந்த உரை பாதி உரை.

இயக்கத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் எல்லாவற்றையும் அமைப்பின் மேல் போட்டுப் பழகிவிட்டோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இளம் தோழர் தூங்க முடியவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றார். "கூட்டத்துக்கு வாங்க தோழர், நாலு பேரோடு இருந்தா சரியாகிடும்" என்று அனுப்பினோம். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மனநல மருத்துவர். அது எங்களுக்குப் புரிவதற்குள் அவர் குடும்பம் மிகவும் துன்பப்பட்டுவிட்டது. பிழைத்துக்கொண்டார், இன்று நன்றாக இருக்கிறார், எங்களை மன்னித்தும் விட்டார். துர்கைம் விகிதத்தை விளக்குவார். நள்ளிரவில் போன் செய்யும் ஒருவருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் சொல்லமாட்டார். அதற்கு உங்கள் படிப்புதான் வேண்டும். டெலி மானஸ் எண் 14416ஐ எங்கள் அலுவலகச் சுவரில் எழுதி வைத்தது அதற்குப் பிறகுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ அவர் சார்ந்த குழுவை வைத்தோ அவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. அதே சட்டம்தான் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர்கள் நாங்களும்தான்.

நெய்வேலிக்காரர்களுக்குத் தெரிந்த ஒன்று: நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பொங்கிவிடும். சுரங்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு அந்த நீர் தெரியாது. காய்ந்த தரைதான் தெரியும். பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

மாணவி குறிப்பைத் திருத்தி எழுதினார். மூச்சுப் பயிற்சியை நீக்கவில்லை. அது சிறுவனுக்கு உதவியாகத்தான் இருந்தது. பரிந்துரையில் இரண்டு வரி சேர்த்தார். உதவித்தொகைப் படிவங்களை வகுப்பில் பெயர் வாசித்து வாங்காமல், அலுவலகத்தில் தனித்தனியாக வாங்க வேண்டும். வகுப்பில் இருக்கை மாற்றி அமைக்க வேண்டும். மதிப்பிட்ட பேராசிரியர் அந்த இரண்டு வரிக்கு அருகில் சிவப்பு மையில், 'இது உளவியல் இல்லை' என்று எழுதித் திருப்பினார். மாணவி ஹாஃப், பாண்டே ஆய்வை அச்செடுத்துப் பின்னால் இணைத்து மறுபடியும் கொடுத்தார். மதிப்பெண் வந்தது, கருத்து எதுவும் வரவில்லை. அந்த வகுப்பில் இப்போது படிவம் அலுவலகத்தில் வாங்குகிறார்கள். பக்கத்துப் பிரிவில் பழையபடிதான். வேறு பெஞ்சுக்குப் போன பையன் இன்னும் திரும்பவில்லை.

வரும் ஜூனில் மறுபடி அந்தப் படிவங்கள் வரும். பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் மாணவர்கள், உங்கள் பள்ளியில் அவை எப்படி வாங்கப்படுகின்றன என்று ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்: யார் வாசித்தார், எந்த நேரத்தில், யார் யார் இருந்தார்கள், வாசித்தபின் யார் எங்கே உட்கார்ந்தார்கள். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம். ஜூலை முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாசிப்பு வட்டத்துக்கு அவற்றைக் கொண்டு வாருங்கள்.